ஒரே டேன்டோ, மூணு ஸ்டீல்: எதை எடுக்கிறது?

போன மாசம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், தூத்துக்குடியில இருந்து மாமா பையன் போன் பண்ணான். அந்நேரத்துக்கு போன் வந்தா ஊர்ல யாருக்கு என்னாச்சோன்னு பதறிப்போய்த்தானே எடுப்போம், எடுத்தா "அத்தான், ஒரு கத்தி வாங்கப் போறேன், டேன்டோ, ஒரே கத்தி மூணு ஸ்டீல்ல வருது, வெலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கு, எதை எடுக்கட்டும்?"ங்கறான். காலையில பேசுறேன்டா மாப்ளன்னு வச்சுட்டேன், ஆனா தூக்கம் போயிருச்சு. நான் கோயம்புத்தூர்ல ஒரு டூல் ரூம்ல வேலை பாக்குறவன், ஸ்டீல்னு யாராவது வாயைத் தொறந்தா நமக்கு உடனே அரிக்க ஆரம்பிச்சுரும். அவனுக்கு வாட்ஸ்அப்ல துண்டு துண்டா அனுப்புனதை எல்லாம் சேத்துதான் இங்க எழுதுறேன், இதே குழப்பத்துல வேற யாராவது இருந்தா உதவும்.

அவன் பாத்து வச்சிருந்தது கோல்டு ஸ்டீல் கம்பெனியோட ரீகான் டேன்டோ. 7 இஞ்ச் பிளேடு, முதுகுப் பக்கம் கிட்டத்தட்ட 5 மில்லி கனம், பிடி ரப்பர் மாதிரி. இந்தக் கத்தி ரொம்ப வருஷமா வருது, ஒரு காலத்துல ஏயுஎஸ்-8 ஸ்டீல்ல வந்துச்சு, அப்புறம் மாத்தி மாத்தி எஸ்கே-5, விஜி-10 சான்மாய், சிபிஎம் 3விங்கற மூணு ஸ்டீல்லயும் வந்திருக்கு. ஒரே அச்சு, ஒரே கனம், ஸ்டீல் மட்டும் வேற, அப்ப ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு இதைவிட தோதா ஒண்ணு கெடைக்காது. வேற கத்திங்கள்ல ஸ்டீலை ஒப்பிடும்போது ஒண்ணு மெலிசா இருக்கும் இன்னொண்ணு தடியா இருக்கும், மெலிசா இருக்கறது நல்லா வெட்டும், நாம என்னவோ ஸ்டீல் நல்ல ஸ்டீல்னு நினைச்சுக்குவோம்.

முதல்ல டேன்டோன்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிரணும், ஏன்னா ஸ்டீல் எது சரிங்கறது அந்த வடிவத்துலதான் இருக்கு. ஜப்பான்ல டேன்டோங்கறது குட்டி வாள், பிளேடு 1 ஷாகு, அதாவது 30.3 சென்டிமீட்டருக்குக் கீழ. அந்த நிஜ டேன்டோவைப் பாத்தீங்கன்னா நுனி மெதுவா வளைஞ்சு போகும், இப்ப கடையில விக்கிற மாதிரி முன்னாடி உளி மாதிரி சாய்ச்சு வெட்டுன மூலை எல்லாம் இருக்காது. அந்த மூலை வச்ச டிசைன் அமெரிக்காவுல 1980கள்ல கோல்டு ஸ்டீல் கம்பெனியால பிரபலமான விஷயம். சினிமாவுல பாத்துட்டு இதுதான் சாமுராய் கத்தின்னு நினைச்சு வாங்குறவங்க நெறைய பேரு, மாமா பையனும் அதுல ஒருத்தன், நான் சொன்னதும் கொஞ்சம் மூஞ்சி சுருங்கிருச்சு, பரவாயில்ல.

ஆனா ரெண்டுக்கும் ஒரு விஷயம் ஒத்துப்போகுது. ஜப்பான்ல யோரோய்தோஷின்னு ஒரு வகை டேன்டோ இருந்துச்சு, கவசத்தைக் குத்தித் துளைக்கிறதுக்குன்னே தடியா அடிச்சது. அமெரிக்க டேன்டோவும் அதே யோசனைதான், முதுகோட கனத்தை நுனி வரைக்கும் கொண்டுபோய் விடுறாங்க, அதனால முனை சட்டுன்னு ஒடியாது. பதிலுக்கு என்ன போகுதுன்னா அந்த வளைஞ்ச வயிறு, அதாவது காய் நறுக்க, தோல் உரிக்க, மீன் ஆயுறதுக்கு எல்லாம் உதவுற வளைவு, அது சுத்தமா இல்ல. ஆக டேன்டோ வாங்குறவன் எதுக்கு வாங்குறான், குத்த, நெம்ப, கட்டையைப் பொளக்க, கயிறு வெட்ட, முரட்டு வேலைக்கு. முரட்டு வேலைக்கு வாங்குற கத்தியில முதல்ல பாக்க வேண்டியது உடையாம தாங்குமாங்கறது. கூர் எத்தனை நாள் நிக்கும்ங்கறது அதுக்கு அப்புறம்தான். ஆனா கத்தி ஸ்டீல் பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல் பேச்சே "கூர் எவ்ளோ நேரம் நிக்கும்"தான், அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

ஸ்டீல்ல இந்த ரெண்டும் மாமியார் மருமக மாதிரி. கடினமா இருந்தா கூர் நிக்கும், ஆனா அடி பட்டா பல்லு விடும், இல்ல நுனி தெறிக்கும். கொஞ்சம் இளக்கமா விட்டா பல்லு விடாது, ஆனா வாய், அதாவது வெட்டுற ஓரம், மடங்கும், அடிக்கடி தீட்டணும். மூணாவதா துரு, நாலாவதா சாணை பிடிக்கிறது எவ்ளோ பாடுங்கறது. இந்த நாலுல நாலும் ஒரே ஸ்டீல்ல குடுக்கிறேன்னு எவனாவது சொன்னா பையில இருக்கற காசைக் கெட்டியா பிடிச்சுக்குங்க.

சரி, எஸ்கே-5. மூணுல விலை கொறைஞ்சது இதுதான், அதனாலயே இதை மட்டமா நினைக்கிறாங்க. ஜப்பான் ஸ்டாண்டர்டுல இருக்கற சாதாரண கார்பன் ஸ்டீல், கார்பன் 0.80ல இருந்து 0.90 சதவீதம், கொஞ்சம் மாங்கனீசு, அவ்ளோதான், குரோமியமும் கிடையாது வனேடியமும் கிடையாது. இப்ப அந்த ஊர்ல எஸ்கே85ன்னு பேரை மாத்திட்டாங்க. நம்ம வீட்டு அருவாமணை எப்படி வாழைக்காய் வெட்டி வெட்டிக் கருத்துப் போயிருக்கும், ஒருநாள் ஈரத்தோட விட்டா காலையில செம்மண் பூசுன மாதிரி இருக்கும், அதே சாதிதான் இது. ஆனா அருவாமணை எத்தனை வருஷம் உழைக்குதுன்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்கள்ட்ட கேட்டாத் தெரியும். ஒழுங்கா ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது காய்ச்சித் தோய்ச்சு இளக்குறது, பண்ணி 57, 58 ஹெச்ஆர்சியில (ஸ்டீலோட கடினத்தை அளக்கற எண்) விட்டா எஸ்கே-5 நல்லா அடி தாங்கும், வாய் மழுங்குனாக்கூட வீட்டுல இருக்கற எந்தக் கல்லுலயும் பத்து நிமிஷத்துல கூர் வந்துரும், ஆத்தங்கரையில கெடக்கற வழுவழு கல்லுலகூட ஓரளவு தேத்திரலாம்.

இங்க ஒரு கேள்வி வரும், அமெரிக்காக்காரன் கத்திக்கு நெறைய 1095ங்கற கார்பன் ஸ்டீலைப் போடுறானே, அது எஸ்கே-5ஐ விட உசத்தியான்னு. 1095ல கார்பன் ஒரு சதவீதத்தைத் தொட்டு நிக்கும். கார்பன் ஏற ஏற கூர் கொஞ்சம் கூட நிக்கும், ஆனா அடி தாங்குறது கொறையும், அதனால முரட்டு டேன்டோவுக்கு எஸ்கே-5, 1084 மாதிரி கொஞ்சம் கார்பன் கொறைஞ்சதுதான் என் ஓட்டு. அதோட 1095 தோய்ச்சல்ல ரொம்ப ரோஷக்காரன், காய்ச்சின பிளேடை எண்ணெயில விட்டா ஒரு செகண்டுக்குள்ள 540 டிகிரிக்குக் கீழ எறங்கணும், இல்லன்னா உள்ள இளகிப்போயிரும். 5 மில்லி தடியில நடு வரைக்கும் அவ்ளோ வேகமா ஆறாது. இதையே ஒரு அழகாவும் ஆக்குனாங்க ஜப்பான்காரங்க, முதுகுல களிமண்ணைப் பூசி வாயை மட்டும் வேகமா ஆற விட்டா, கடினமான வாய்க்கும் இளக்கமான முதுகுக்கும் நடுவுல அலை அலையா ஒரு கோடு விழும், அதுக்கு ஹமோன்னு பேரு. வாய் கூரா நிக்கும், முதுகு அடி வாங்கும், ஒரே இரும்புல ரெண்டு குணம்.

எஸ்கே-5க்கு இருக்கற ஒரே பெரிய வியாதி துரு. அதுக்குத்தான் கருப்பா கோட்டிங் அடிச்சு விடுறாங்க, ஆனா வாய்ப்பக்கம் தீட்டுன இடத்துல கோட்டிங் இருக்காதே, துருவும் சரியா அங்கதான் வந்து உக்காரும். மாமா பையன் வீடு கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு, அங்க ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் தாழ்ப்பாள் எல்லாம் உப்புக் காத்துல எப்படி உதிருதுன்னு பாத்திருக்கேன். இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில வருவோம்.

ரெண்டாவது விஜி-10 சான்மாய். ஜப்பான்ல எச்சிசென் ஊர்ல இருக்கற டகேஃபு கம்பெனி ஸ்டீல், கார்பன் ஒரு சதவீதம், குரோமியம் 15, கோபால்ட் ஒண்ணரை, கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். நம்ம பாஷையில சொன்னா எவர்சில்வர் வகை, துரு அவ்ளோ சீக்கிரம் ஏறாது. சமையல் கத்தி வாங்குறவங்களுக்கு இந்தப் பேரு நல்லாத் தெரியும், ஜப்பான் சமையல் கத்தியில பாதிக்குப் பாதி இதுதான்னு தோணுற அளவுக்கு எங்க பாத்தாலும் இருக்கும். சான்மாய்னா மூணு தகடுன்னு அர்த்தம், நடுவுல விஜி-10, ரெண்டு பக்கமும் இளக்கமான எவர்சில்வர், சாண்ட்விச் மாதிரி. பாக்க அவ்ளோ அழகு, வாய் ஓரத்துல ரெண்டு ஸ்டீலும் சேர்ற கோடு மின்னும், ஷோகேஸ்ல வச்சா மத்த ரெண்டும் பக்கத்துல நிக்க முடியாது.

ஆனா சான்மாய்னா உடையவே உடையாதுன்னு ஒரு பேச்சு ஓடுது பாருங்க, அது பாதி உண்மை. மொத்தக் கத்தியை வளைச்சா பக்கத்துல இருக்கற இளக்கமான ஸ்டீல் தாங்கிப்பிடிக்கும், ரெண்டா முறியாது, அது வாஸ்தவம். ஆனா கட்டையில பட்டு எலும்புல பட்டு அடி வாங்குறது எது, வாய். வாய்ல இருக்கறது விஜி-10 மட்டும்தான், பக்கத்துத் தகடு அங்க வரைக்கும் வர்றதே இல்ல. விஜி-10 தனியா எடுத்துக்கிட்டா அடி தாங்குறதுல சுமார் ரகம், 60 ஹெச்ஆர்சியில வச்ச கத்தியை முடிச்சு விழுந்த கட்டையில போட்டு நெம்புனா வாய்ல குட்டிக் குட்டியா பல்லு விடும். டேன்டோவுல முன் வாயும் பக்க வாயும் சேர்ற மூலை ஒண்ணு இருக்குல்ல, எல்லா அடியும் போய் விழுறது அந்த மூலையிலதான், அது தெறிச்சா கத்தியோட அழகே போச்சு, தீட்டி சரிபண்ணணும்னா ரெண்டு வாயையும் சேத்து எறக்கணும். காசு அதிகம் குடுத்து சமையல் கத்தி ஸ்டீலைக் கடப்பாரை வேலைக்கு எடுக்கறது எனக்குச் சரியாப் படல. அலமாரியில வச்சு அழகு பாக்க, கடலோரத்துல லேசான வேலைக்குன்னா தாராளமா எடுங்க, குறை சொல்ல மாட்டேன்.

மூணாவது 3வி. இதைப் பத்திப் பேசணும்னா முதல்ல டி2 பத்திப் பேசிரணும், ஏன்னா டி2 எனக்கு தினம் சோறு போடுற ஸ்டீல், 3வி என்ன சரிபண்ணுதுன்னு அதை வச்சாத்தான் புரியும். இந்த லிஸ்ட்ல டி2 இல்லன்னாலும் ஆன்லைன்ல கொறஞ்ச வெலைக்கு வர்ற டேன்டோல நெறையத்துல டி2ன்னுதான் போட்டிருக்கான், அதனால எப்படியும் நீங்க அதுல முட்டிக்குவீங்க.

எங்க டூல் ரூம்ல இதை ஹெச்சிஹெச்சிஆர்னுதான் சொல்லுவோம், ஹை கார்பன் ஹை குரோமியம். கார்பன் ஒண்ணரை சதவீதம், குரோமியம் 12. தகடை அடிச்சு வெட்டுற டை, பஞ்ச் எல்லாம் இதுலதான், லட்சக்கணக்கா அடிச்சாலும் தேயாது. கத்திக்கும் இதே குணம் வரும், கூர் நல்லா நிக்கும். பிரச்சினை எங்கன்னா, அந்த ஒண்ணரை சதவீதக் கார்பனும் குரோமியமும் சேந்து பெரிய பெரிய கட்டியா உள்ள உக்காந்துரும், கார்பைடுன்னு பேரு, ஸ்டீலை விடக் கடினம், மைக்ராஸ்கோப்ல பாத்தா கடலை மிட்டாய் மாதிரி இருக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாயை ஒடிச்சுப் பாருங்க, நேரா ஒடியாது, கடலை இருக்கற எடத்துல பிச்சுக்கிட்டுப் போகும். டி2 வாயும் அப்படித்தான், மெலிசா தீட்டுனா அந்தக் கட்டி ஒண்ணு பேந்து வந்து பல்லு விழுந்துரும். நான் அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு டி2 கத்தி வாங்கினேன், பேரு வேண்டாம். ஒருநாள் வேப்பங்கட்டை ஒண்ணைப் பொளக்கும்போது உள்ள ஒரு பழைய ஆணி இருந்திருக்கு, பாக்கல, வாய்ல அரிசி சைஸுக்கு ரெண்டு பல்லு. அதை எறக்க எங்க கடை கிரைண்டர்லயே அரைமணி நேரம் ஆச்சு, சூடாகாம தண்ணி விட்டு விட்டு எறக்கணும்ல.

இன்னொண்ணு, 12 சதவீத குரோமியம் இருக்கே, எவர்சில்வர் மாதிரிதானேன்னு கேப்பாங்க. குரோமியம் துருவைத் தடுக்கணும்னா அது ஸ்டீல்ல கரைஞ்சு நிக்கணும், கட்டிக்குள்ள போய் உக்காந்துட்டா அது கணக்குல சேராது. டி2ல நெறைய கட்டிக்குள்ள போயிருது, அதனால மழையில விட்டா துரு ஏறத்தான் செய்யும், கார்பன் ஸ்டீல் அளவுக்கு வேகமா இல்ல, அவ்ளோதான்.

இப்ப 3விக்கு வாங்க. அமெரிக்காவோட குரூசிபிள் கம்பெனி உருவாக்குனது, கார்பன் 0.8, குரோமியம் 7.5, வனேடியம் 2.75, கொஞ்சம் மாலிப்டினம். இதோட சூட்சுமம் சேர்மானத்துல பாதின்னா செய்முறையில மீதி. உருக்கின ஸ்டீலை அச்சுல ஊத்தி ஆறவிடாம, கேஸ் அடிச்சுத் தூளாக்கி, அந்தத் தூளை அழுத்தத்துலயும் சூட்டுலயும் திரும்ப ஒண்ணாக்குறாங்க, சிபிஎம்ங்கறது இந்த முறையோட பேருதான். மெதுவா ஆறுனாத்தானே கட்டி பெருசா வளரும், தூள் கண்ணிமைக்கும் முன்னாடி ஆறிருது, அதனால கார்பைடு எல்லாம் பொடிப் பொடியா இருக்கும். கடலை மிட்டாய்க்குப் பதிலா எள்ளு மிட்டாய். இதனால என்னாகும்னா கூரும் நிக்கும், பல்லும் விடாது. முரட்டுக் கத்திக்கு 3விதான் ராஜான்னு பேசுறாங்களே, அது வெறும் விளம்பரம் இல்ல, அடி தாங்குறதுல டி2க்கும் இதுக்கும் கிட்டவே வைக்க முடியாது, அதே சமயம் எஸ்கே-5ஐ விட கூர் ரொம்ப நேரம் நிக்கும்.

அப்ப இதையே எடுத்துரலாமேன்னா, ரெண்டு மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, 3வி எவர்சில்வர் கிடையாது, ஏழரை சதவீத குரோமியத்தை நம்பி உப்புக் காத்துல விட்டா புள்ளி புள்ளியா அரிக்கும். ரெண்டு, வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லுல இருக்கற அலுமினியம் ஆக்சைடை விடக் கடினம், லேசா மழுங்குனா தேத்திரலாம், நல்லா மழுங்க விட்டுட்டா நம்மூரு கல்லுல தேய்ச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான், டயமண்ட் பிளேட் ஒண்ணு தனியா வாங்கணும். மூணாவது வெலை. குரூசிபிள் கம்பெனி 2024 டிசம்பர்ல திவால் மனு போட்டு, அப்புறம் பிரான்ஸ்காரன் எராஸ்டீல் அந்த சிபிஎம் ஸ்டீல் சமாச்சாரத்தை எல்லாம் வாங்கிட்டான், அதனால 3வி காணாமப் போயிரும்னு பயப்பட வேண்டாம், ஆனா வெலை எறங்கும்னும் எதிர்பாக்காதீங்க.

லிஸ்ட்டுக்கு வெளிய ரெண்டு பேரைச் சொல்லியே ஆகணும். ஸ்வீடன்ல இருந்து வர்ற 14சி28என், ஏஇபி-எல்னு ரெண்டு எவர்சில்வர் ஸ்டீல். ஏஇபி-எல் ஷேவிங் பிளேடுக்காகப் பொறந்த ஸ்டீல், ஷேவிங் பிளேடு வாய் எவ்ளோ மெலிசு, அதுல கட்டி இருந்தா மூஞ்சியைக் கிழிச்சுரும்ல, அதனால கார்பைடு ரொம்பப் பொடியா வர்ற மாதிரி சேர்மானத்தைப் பாத்துப் பாத்து வச்சிருக்காங்க, தூளாக்குற செலவும் இல்ல. 14சி28என்ல குரோமியம் 14 சதவீதம், கார்பன் 0.62தான், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். துரு லேசுல ஏறாது, பல்லு லேசுல விடாது, சாதாரண கல்லுல தீட்டிரலாம், வெலையும் கட்டுப்படியாகும். கூர் நிக்கிறது மட்டும் நடுத்தரம். கடலோரத்துல முரட்டு வேலைக்கு டேன்டோ வேணும்னு யாராவது என்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா இதைத்தான் தேடச் சொல்லியிருப்பேன். ஏயுஎஸ்-8ம் இதே மாதிரி சாதுவான ஆளுதான், பழைய ரீகான் டேன்டோ செகண்ட் ஹேண்ட்ல கெடைச்சா வேண்டாம்னு சொல்லாதீங்க.

மேக்னாகட்ங்கற ஸ்டீல் பத்திக் கேக்காம விடமாட்டீங்க. 2021ல வந்தது, லாரின் தாமஸ்னு ஒரு உலோகவியல்காரர் டிசைன் பண்ணது, குரோமியம் கார்பைடே வராத மாதிரி கணக்குப் போட்டிருக்கார், அதனால 10.7 சதவீத குரோமியம் முழுக்க துருவைத் தடுக்கவே நிக்குது. அருமையான ஸ்டீல். நான் முன்னாடி நாலும் ஒண்ணா கெடைக்காதுன்னு சொன்னேன்ல, அதுக்கு ரொம்பக் கிட்ட வர்றது இதுதான், ஆனா வெலையைக் கேட்டா மாமா பையன் பைக்குக்கு டியூ கட்ட முடியாது. நகருவோம்.

டமாஸ்கஸ் டேன்டோன்னு கோடு கோடா மின்னுறது ஒண்ணு சல்லிசா வரும். அது ரெண்டு ஸ்டீலை மடிச்சு மடிச்சு அடிச்சு, ஆசிட்ல நனைச்சுக் கோட்டை எழுப்புறது. நம்ம பக்கத்துல மூசையில உருக்கி வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ண பழைய உருக்கு வேற, இது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பி விக்கிறாங்க. நல்ல ஆளு செஞ்சா 1095ம் 15என்20ங்கற நிக்கல் ஸ்டீலும் சேத்து அடிப்பான், அது நல்ல கத்தி. என்ன ஸ்டீல்னே எழுதாம விக்கிறவன்கிட்ட கோடு மட்டும்தான் கெடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கு, எனக்கு மனசுக்குப் பிடிச்ச வழி. ஊர்ல எங்க தெரு முக்குல ஒரு கொல்லம்பட்டறை, ஆசாரி அண்ணன் லாரிப் பட்டையை வெட்டி அருவா அடிப்பாரு. லாரிப் பட்டைன்னா ஸ்பிரிங் ஸ்டீல், 5160, ஈஎன்45 மாதிரி, கார்பன் 0.6 பக்கம்தான், கூர் ரொம்ப நாள் நிக்காது, ஆனா உடைக்கணும்னா சம்மட்டி வேணும். பொங்கலுக்குப் போனப்ப அவர்கிட்ட ஒரு சின்ன டேன்டோ அடிச்சுத் தாங்கண்ணேன்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "என்ன தம்பி, மூக்கறுந்த கத்தி மாதிரில்ல இருக்கு"ன்னாரு. அப்புறம் அடிச்சுக் குடுத்தாரு.

அவர் தோய்ச்சல் போடுறதை நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். உலைக்கு மேல பழைய தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கிக்கிட்டாரு, வெளிச்சத்துல நிறம் தெரியாதுல்ல. கரி நடுவுல கத்தி கருஞ்சிவப்புல இருந்து செங்காய் நிறத்துக்கு வர்றப்ப ஒரு காந்தத்தைக் கிட்ட கொண்டுபோனாரு, ஒட்டல, அதுக்கு மேல இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, டக்குன்னு எடுத்து வாயைக் கீழ வச்சு எண்ணெயில எறக்கினாரு. புகையும் வாடையும் குப்புன்னு கெளம்புச்சு. ஆறினதும் அரத்தை எடுத்து வாய்ல ஒரு இழு, கண்ணாடியில இழுத்த மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. "ஏறியிருச்சு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இரும்பு காந்தத்துல ஒட்டாமப் போறது 770 டிகிரியிலன்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அவருக்கு அது கையில இருக்கு. வீட்டுக்கு வந்து நான் 200 டிகிரியில ஓடிஜி அடுப்புல ரெண்டு மணி நேரம், ரெண்டு தடவை வச்சு எடுத்தேன், அந்த இளக்கம் குடுக்காம விட்டா கீழ விழுந்தாலே கண்ணாடி மாதிரி போயிரும்.

ஆனா இதே ஆசாரிகிட்ட டி2வோ 3வியோ கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னா காசும் கரியும்தான் வீண். அதுக்கெல்லாம் 1000 டிகிரிக்கு மேல, அளந்து, காத்தை உறிஞ்சி எடுத்த வேக்கம் பர்னஸ் மாதிரி உலையில பண்ணணும், கண்ணுல நிறம் பாத்து ஆகற காரியம் இல்ல. அதே மாதிரி ஒடைஞ்ச லாரிப் பட்டையில செய்யாதீங்க, ஏற்கனவே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், புதுப் பட்டைத் துண்டு கடையிலயே கெடைக்குது.

இதை ஏன் இவ்ளோ நீட்டுறேன்னா, ஸ்டீல் பேரைப் பாத்து வாங்குறவங்க ஹீட் ட்ரீட்மென்ட்டை மறந்துர்றாங்க. ஒரே டி2வை ஒழுங்கா பண்ணவன்கிட்ட வாங்குனா பத்து வருஷம் வரும், அவசரத்துல பண்ணவன்கிட்ட வாங்குனா ஒரு சீசன்கூட தாங்காது, ரெண்டு பிளேடுலயும் டி2ன்னுதான் எழுதியிருக்கும். அதனால பேரு தெரியாத கம்பெனியோட ஒசந்த ஸ்டீலை விட, தெரிஞ்ச கம்பெனியோட சாதா ஸ்டீல் மேல்.

டேன்டோ தீட்டுறது பத்தி ஒரு சின்ன விஷயம். ரெண்டு வாயையும் ரெண்டு தனிக் கத்தியா நினைச்சுக்குங்க. நீள வாயை முதல்ல மூலை வரைக்கும் தீட்டி நிறுத்துங்க, அப்புறம் கத்தியைத் திருப்பி முன் வாயைத் தனியா தீட்டுங்க. ஒரே இழுப்புல ரெண்டையும் சேத்து இழுத்தீங்கன்னா மூலை உருண்டுரும், அப்புறம் அது டேன்டோவும் இல்ல சாதாக் கத்தியும் இல்ல. ரெண்டும் நேர்கோடுங்கறதால பழகுனா வளைஞ்ச கத்தியை விட இதுதான் சுளுவு, அதுலயும் எஸ்கே-5 மாதிரி ஸ்டீல்ல நிமிஷத்துல முடியும்.

சட்டத்தையும் ஒருவாட்டி பாத்துக்குங்க. 2016 ஆயுத விதிகள்ல 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்கற கத்தி ஆயுதப் பட்டியல்ல வருது, வீட்டு வேலை விவசாய வேலைக்குன்னு செஞ்சதைத் தவிர. ரீகான் டேன்டோ அளவுல அதுக்குள்ள அடங்கிரும், அதுக்காக இடுப்புல சொருகிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல சுத்துனா போலீஸ்காரர் ஸ்கேல் எடுத்து அளந்துக்கிட்டு நிக்க மாட்டாரு.

மாமா பையன்கிட்ட கடைசியா நான் கேட்டது ஒரே கேள்வி. "மாப்ள, வாரத்துக்கு ஒருநாள் கத்தியைத் தொடைச்சு எண்ணெய் போடுவியா மாட்டியா, சத்தியமா சொல்லு." கொஞ்சம் யோசிச்சுட்டு, பைக் செயினுக்கு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை எண்ணெய் விடுறேன் அத்தான், அதோட சேத்து இதுக்கும் விட்டுர்றேன்னான். அப்ப எஸ்கே-5 எடுன்னுட்டேன். 3விக்கும் அவன் எண்ணெய் போட்டுத்தான் ஆகணும், அவன் வருஷத்துக்கு நாலு தடவை மலை ஏறப் போறவன், விறகு பொளந்து கயிறு வெட்டுறதுக்கு 3வி குடுக்கற அந்த அதிகக் கூரு அவனுக்கு எங்க செலவாகப் போகுது, மிச்சக் காசுல நல்ல கல்லு ஒண்ணும் ஷூவும் வாங்கலாம். மாட்டேன்னு சொல்லியிருந்தா இந்த மூணையும் விட்டுட்டு 14சி28என்ல வேற கம்பெனி டேன்டோ தேடச் சொல்லியிருப்பேன். தினமும் கத்தி எடுத்து வேலை பாக்குற ஆளா, டயமண்ட் பிளேடும் கையில இருக்கான்னா 3விக்கு காசு குடுக்கறதுல நியாயம் இருக்கு.

எண்ணெய்னா நல்லெண்ணெய் போட்டுறாதீங்க, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு தூசியை இழுத்து வச்சுக்கும். தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, துணியில தொட்டு ஒரு இழுப்பு, போதும். தோல் உறையில மாசக்கணக்கா சொருகி வைக்காதீங்க, தோல் ஈரத்தைக் குடிச்சு வச்சிருக்கும், என் 1095 ஒண்ணு அப்படித்தான் ஒரு மழைக்காலத்துல உறைக்குள்ளயே தேமல் மாதிரி ஆகிப்போச்சு.

கத்தி வந்து மூணு வாரம் ஆச்சு. நேத்து அவன் ஒரு போட்டோ அனுப்பினான், முன் வாய் மூலைகிட்ட கடுகு சைஸ்ல பழுப்பா ரெண்டு புள்ளி, கூடவே அழுற மூஞ்சி எமோஜி. போன் பண்ணிக் கேட்டா, அத்தை அதை எடுத்து மாங்காய் நறுக்கிட்டு கழுவாம அலமாரியில வச்சிருக்காங்க. புளிப்புல கறை பிடிச்சிருக்கு, தேய்ச்சா போயிரும்டான்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே பின்னாடி அத்தை குரல் கேட்டுச்சு: "இவ்ளோ காசு குடுத்து வாங்கி ஒரு மாங்காய் ஒழுங்கா நறுக்க மாட்டேங்குது, நம்ம அருவாமணை தேவலன்னு சொல்லு அத்தான்கிட்ட."